கிட்ஹப் ரெஸ்ட் ஏபிஐ: ஸ்டேட்டஸ் கோடில் எங்கே பாஸ், எங்கே சொதப்பல்

ஒரு ஏபிஐயின், அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் வாசலின், தரம் தெரிய அதன் ஆவணத்தை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. பிழையான டோக்கன் (அனுமதிச் சாவி) ஒன்று, இல்லாத ஐடி ஒன்று, பாதியில் அறுந்த ஜேசன் (தரவை எழுதும் வடிவம்) ஒன்று, ஏற்கெனவே இருப்பதை மறுபடி உருவாக்கச் சொல்லும் போஸ்ட் கோரிக்கை ஒன்று. இந்த நான்கையும் அனுப்பி, திரும்பி வரும் ஸ்டேட்டஸ் கோடுகளை (பதிலின் நிலையைச் சொல்லும் மூன்று இலக்க எண்கள்) குறித்துக்கொண்டால் போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்; ஏபிஐக்கு நாலு சோறு.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ரெஸ்ட் ஏபிஐயை (எச்டிடிபி வழியே பேசும் ஏபிஐ) இங்கே எடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, டோக்கன் இல்லாமலே ஒரு ஐபி முகவரியிலிருந்து மணிக்கு 60 கோரிக்கை அனுப்பலாம். அதனால் கீழே சொல்வதில் ஒரு பகுதியை யார் வேண்டுமானாலும் கர்ல் என்ற கமாண்ட்-லைன் கருவியை வைத்து இன்றைக்கே சரிபார்க்கலாம். இரண்டு, சொந்தமாக ரெஸ்ட் சர்வீஸ் எழுதும்போது சந்தேகம் வந்தால் "கிட்ஹப் என்ன அனுப்புது?" என்று பார்த்து அதையே போடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. சில இடங்களில் அது நல்ல யோசனை. சில இடங்களில் வம்பை விலைக்கு வாங்குவது.

அளவுகோல் ஒன்றுதான். ரெஸ்பான்ஸ் பாடியை (பதிலின் உள்ளடக்கம்) பிரித்துப் படிக்காமல், கோடையும் ஹெடரையும் (பதிலின் மேலே வரும் குறிப்பு வரிகள்) மட்டும் பார்த்து, கிளையன்ட் (கோரிக்கை அனுப்பும் நிரல்) அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடிகிறதா? குறிப்பாக, இதே கோரிக்கையை அப்படியே மறுபடி அனுப்பலாமா கூடாதா என்பது தெரிகிறதா? பாடியில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தை ஸ்ட்ரிங் ஒப்பீடு செய்தால்தான் புரியும் என்றால், அங்கே மார்க் குறையும்.

வெற்றிப் பக்கம்: நன்றாகவே செய்திருக்கிறார்கள்

இஷ்யூ (பிழை அல்லது வேலைக் குறிப்பு) ஒன்றைப் போஸ்ட் செய்தால் 201 (உருவாயிற்று) வருகிறது, கூடவே புது இஷ்யூவின் முகவரியோடு லொகேஷன் ஹெடர். ரெப்போவுக்குள் (ஒரு திட்டத்தின் ஃபைல் களஞ்சியம்) ஒரு ஃபைலை எழுத கன்டென்ட்ஸ் எண்ட்பாயின்ட்டுக்கு (ஏபிஐயின் ஒரு முகவரி) புட் (எழுதும் கோரிக்கை) அனுப்பினால், ஃபைல் புதிது என்றால் 201, இருந்ததை மாற்றினால் 200. புட் எதையாவது புதிதாக உருவாக்கினால் 201 அனுப்பியே ஆக வேண்டும் என்பது 2022 ஜூனில் வந்த, எச்டிடிபியின் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 9110 ஆவணத்தின் விதி. நடைமுறையில் பலரும் இரண்டுக்கும் 200 போட்டுவிட்டு, பாடியில் "சக்சஸ்: ட்ரூ" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் குறுக்குவழி இங்கே இல்லை.

ஸ்டார் போடுவது, எடுப்பது, ரெப்போவை அழிப்பது எல்லாம் 204. இங்கே கிளையன்ட் எழுதுகிறவருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. 204-க்குப் பாடியே கிடையாது. எல்லாப் பதிலையும் கண்ணை மூடிக்கொண்டு ஜேசன் பார்சருக்குள் தள்ளும் ரேப்பர் எழுதியிருந்தால், வெற்றியான கோரிக்கைதான் எக்ஸெப்ஷனில் விழும். ஸ்டார் விழுந்திருக்கும், ஸ்கிரிப்ட் "தோல்வி" என்று லாக் எழுதியிருக்கும். பார்ஸ் செய்யும் முன் 204-ஐப் பிரித்துவிடுங்கள். ஸ்டார் போடும் புட்டுக்கும் பாடி இல்லாததால் கன்டென்ட்-லென்த் ஹெடரைப் பூஜ்யமாக வைத்து அனுப்பச் சொல்கிறது ஆவணம்.

இந்த ஏபிஐயிலேயே அழகான கோடு வரிசை எது என்று கேட்டால், ஒரு பிராஞ்சை (தனியாக வளரும் நிரல் வரிசை) இன்னொன்றில் சேர்க்கும் "மெர்ஜஸ்" எண்ட்பாயின்ட்டைத்தான் சொல்ல வேண்டும். மெயினில் ரிலீஸ் பிராஞ்சைச் சேர்க்கச் சொல்லி போஸ்ட் செய்கிறீர்கள். சேர்ந்தால் 201, மெர்ஜ் கமிட்டின் (சேர்த்ததைக் குறிக்கும் மாற்றப் பதிவு) விவரத்தோடு. ஏற்கெனவே சேர்ந்திருந்தால், செய்ய ஒன்றுமில்லை, 204. கான்ஃப்ளிக்ட் (மாற்றங்கள் மோதுகின்றன) என்றால் 409. பிராஞ்ச் பெயரே தப்பென்றால் 404. டிப்ளாய் ஸ்கிரிப்டில் நாலே நாலு கிளை எழுதினால் போதும், பாடியைத் தொடவே வேண்டாம். பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாலும் ஆபத்தில்லை, 204 வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சொந்த சர்வீஸில் "ஏற்கெனவே முடிந்துவிட்டது" என்ற நிலைக்கு 400 போடும் பழக்கம் இருந்தால், இதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

202: பாதி மார்க்

ஃபோர்க் செய்தால் (ரெப்போவை உங்கள் கணக்குக்கு நகலெடுத்தால்) 202. புல் ரிக்வஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பம்) பிராஞ்சைப் புதுப்பிக்கச் சொன்னால் 202. வேலையை வாங்கி வைத்துக்கொண்டேன், இன்னும் முடியவில்லை என்று பொருள். ஃபோர்க்கில் புது ரெப்போவின் விவரம் பாடியிலேயே வந்துவிடுவதால், அந்த முகவரியைக் கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிப் பார்க்கலாம்.

தலைவலி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில். யார் எத்தனை கமிட் என்று கேட்டுக் கெட் (படிக்கும் கோரிக்கை) அனுப்புகிறீர்கள். கணக்கு கேஷில் (தற்காலிகச் சேமிப்பு) தயாராக இருந்தால் 200. இல்லாவிட்டால் பின்னணியில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டு 202 அனுப்புகிறது. சில நொடி கழித்து அதே கெட்டை மறுபடி அனுப்ப வேண்டும். டிஃபால்ட் பிராஞ்சில் புதிதாக யாராவது புஷ் செய்தால் கேஷ் காலி, மறுபடி 202. அதனால்தான் அமைதியான ரெப்போவில் ஒழுங்காக ஓடும் டாஷ்போர்டு, சுறுசுறுப்பான ரெப்போவில் அவ்வப்போது பூஜ்யம் காட்டுகிறது. எச்டிடிபி லைப்ரரிகள் 200 முதல் 299 வரை எல்லாவற்றையும் "ஓகே" என்றே சொல்லும். கிளையன்ட் அதை நம்பி, தரவே இல்லாத பாடியை வரைபடமாகப் போட்டுவிடும். எரர் இல்லை, அலாரம் இல்லை, எண் மட்டும் தப்பு. இந்த எண்ட்பாயின்ட்களுக்கு "ஓகேயா?" என்று கேட்காமல் "200-ஆ?" என்று கேட்க வேண்டும். 202 என்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுமுயற்சி, ஓர் உச்சவரம்போடு.

பாதி மார்க் ஏன்? எவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்கிறார்கள் என்பதற்கு ஆவணம் தரும் பதில், சற்று நேரம் கொடுங்கள் என்ற அளவில்தான். 202-இல் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், அதை எங்கே போய்ப் பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று ஆர்எஃப்சியே பரிந்துரைக்கிறது. சொந்தமாகச் செய்வதானால் இப்படி வைக்கலாம்: 202-உடன் லொகேஷன் ஹெடரில் வேலையின் முகவரி, ரீட்ரை-ஆஃப்டரில் நொடிக் கணக்கு. அந்த முகவரிக்குக் கெட் அனுப்பினால் 200, பாடியில் "நடக்கிறது" அல்லது "தோல்வி". முடிந்ததும் விளைவின் முகவரிக்கு 303 (அங்கே போய்ப் பார்). இதில் அடிக்கடி நடக்கும் பிழை, வேலை தோற்றுவிட்டால் நிலையைக் கேட்ட கெட்டுக்கும் 500 அனுப்புவது. நிலையைக் கேட்டார்கள், நிலையைச் சரியாகச் சொல்லிவிட்டோம், அது 200தான்.

இதோடு ஒப்பிட, புல் ரிக்வஸ்டைக் கெட் செய்யும்போது "மெர்ஜபிள்" என்ற புலம் சில நேரம் நல் (மதிப்பு இல்லை) ஆக வரும். மெர்ஜ் ஆகுமா என்ற சோதனை பின்னணியில் ஓடுகிறது என்று அர்த்தம். இங்கே மட்டும் 202 போடவில்லை, 200தான். சரியான முடிவு. மற்ற புலங்கள் எல்லாம் தயார், ஒரே ஒரு புலத்துக்காக முழுப் பதிலையும் தாமதப்படுத்துவானேன்?

404 சுமக்கும் மூட்டை

உங்களுக்கு அனுமதி இல்லாத பிரைவேட் ரெப்போவைக் கேட்டால் 403 (அனுமதி இல்லை) வராது, 404 (அப்படி ஒன்று இல்லை) வரும். "அனுமதி இல்லை" என்று சொன்னாலே அப்படி ஒரு ரெப்போ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு நிறுவனம் அறிவிக்காத தயாரிப்பின் பெயர் ரெப்போ பெயரிலேயே இருக்கலாம். இருப்பதையே மறைக்க விரும்பும் சர்வர் 403-க்குப் பதில் 404 தரலாம் என்று ஆர்எஃப்சி 9110-உம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஆக இதில் குறை சொல்ல இடமில்லை.

விலை கொடுப்பது டீபக் செய்கிறவர். ரெப்போ கண்முன் பிரவுசரில் திறந்திருக்கும், ஏபிஐ 404 என்று சாதிக்கும். இந்த வரிசையில் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். முதலில் அதே டோக்கனோடு "யூசர்" எண்ட்பாயின்ட்டைக் கூப்பிடுங்கள். 401 வந்தால் டோக்கனே செத்துவிட்டது. 200 வந்தால் டோக்கன் உயிரோடு இருக்கிறது, அனுமதியில் குறை இருக்கலாம். பழைய வகை டோக்கன் என்றால் பதிலின் எக்ஸ்-ஓஆத்-ஸ்கோப்ஸ் ஹெடரில் "ரெப்போ" இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் என்றால் எக்ஸ்-அக்செப்டட்-கிட்ஹப்-பர்மிஷன்ஸ் ஹெடர், அந்த எண்ட்பாயின்ட்டுக்கு என்ன அனுமதி வேண்டும் என்று சொல்லிவிடும். அனுமதியும் சரியென்றால் முகவரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாய்கோட்டைத் தேடுங்கள், அதற்கும் 404தான். முகவரிக்குள் போடும் பெயர்களில் சாய்கோடு இருந்து, அதை யூஆர்எல் என்கோடு செய்யாமல் விட்டிருந்தாலும் அதே கதை.

இந்த மறைக்கும் வித்தையைச் சொந்த சர்வீஸில் செய்வதாக இருந்தால் முழுதாகச் செய்யுங்கள். கெட்டுக்கு 404 அனுப்பிவிட்டு அதே முகவரியில் டெலீட்டுக்கு 403 அனுப்பினால், மறைத்ததைக் கொல்லைப்புறமாகக் காட்டிக் கொடுத்தாயிற்று. பாடியின் வாசகமும் இரண்டு நிலையிலும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 404 இயல்பாகவே கேஷ் செய்யத்தக்க கோடு. ஆளுக்கு ஆள் மாறும் 404-இல் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் நோ-ஸ்டோர் போடாவிட்டால், நடுவில் இருக்கும் கேஷ் ஒருவருக்குரிய "இல்லை"யை இன்னொருவருக்கும் சொல்லக்கூடும்.

இதுவரைக்கும் சரி. ஆனால் அதே 404-ஐ "இல்லை" என்ற சாதாரணப் பதிலுக்கும் பயன்படுத்தியிருப்பதுதான் உறுத்துகிறது. இந்த ரெப்போவுக்கு நான் ஸ்டார் போட்டிருக்கிறேனா? ஆம் என்றால் 204, இல்லை என்றால் 404. இவர் அவரைப் பின்தொடர்கிறாரா? அதே. புல் ரிக்வஸ்ட் மெர்ஜ் ஆகிவிட்டதா? அதே. இப்போது 404-க்கு மூன்று பொருள்: அப்படி ஒன்றே இல்லை, இருக்கிறது ஆனால் உனக்குக் கிடையாது, எல்லாம் இருக்கிறது ஆனால் விடை "இல்லை". முகவரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் ஸ்கிரிப்ட் "மெர்ஜ் ஆகவில்லை" என்றே நம்பிக் காத்திருக்கும். மெர்ஜ் விஷயத்தில் தப்பிக்க வழி உண்டு. புல் ரிக்வஸ்டையே கெட் செய்து "மெர்ஜ்டு" புலத்தைப் படியுங்கள். அங்கே 200-உடன் ட்ரூ, ஃபால்ஸ் தெளிவாக வரும், 404 என்றால் உண்மையிலேயே 404. ஆம்-இல்லை கேள்விக்கு 200-உம் ஒரு பூலியனும் என்பதே உங்கள் சர்வீஸுக்கும் ஏற்ற வழி.

இதே குடும்பத்தில் இன்னும் நுணுக்கமான பொறி ஒன்று: ஒருவர் ஒரு நிறுவனத்தின் உறுப்பினரா என்று கேட்கும் எண்ட்பாயின்ட். கேட்பவரும் உறுப்பினர் என்றால் 204 அல்லது 404. கேட்பவர் வெளியாள் என்றால் 302, பொது உறுப்பினர் பட்டியலுக்குத் திருப்பிவிடும். கோட்பாட்டில் பிழையில்லை. ஆனால் எச்டிடிபி லைப்ரரிகளில் பல, கேட்காமலே ரீடைரக்டைப் பின்தொடர்ந்துவிடும். கேட்கப்படும் ஆள் தன் உறுப்பினர் நிலையைப் பொதுவில் காட்டாதவர் என்றால், 302-இன் வழியே போய் அங்கே 404 வாங்கி, ஸ்கிரிப்ட் "உறுப்பினர் இல்லை" என்று அடித்துச் சொல்லும். நிஜமான விடை "உனக்குத் தெரியாது" என்பது. அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் ரீடைரக்டை அணைத்து, 302-ஐத் தனிக் கிளையாகக் கையாள வேண்டும்.

403-உம் காத்திருப்பும்

இந்த ஏபிஐயில் ஆகக் குறைந்த மார்க் இங்கேதான். 429 என்ற கோடு, "அளவுக்கு மேல் கேட்கிறாய்" என்று சொல்வதற்கென்றே 2012-இல் ஆர்எஃப்சி 6585-இல் வந்தது. கிட்ஹப்போ, வரம்பைத் தாண்டினால் 403 அல்லது 429 வரும் என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. எது எப்போது என்று நம்பிக் கோடு எழுத முடியாது. இதே 403, அனுமதி இல்லாவிட்டாலும் வரும், யூசர்-ஏஜென்ட் ஹெடர் இல்லாவிட்டாலும் வரும், தவறான டோக்கனை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்துக்கு எல்லா உள்நுழைவுக்கும் வரும். ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டும், மற்றொன்றுக்கு எத்தனை வருடம் காத்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

ரீட்ரை லைப்ரரிகளின் பட்டியலில் பொதுவாக 429, 502, 503, 504 இருக்கும், 403 இருக்காது. அதனால் வரம்பு தீர்ந்த கோரிக்கைகள் மறுமுயற்சி இல்லாமல் விழும். அதைப் பார்த்து யாராவது பட்டியலில் 403-ஐச் சேர்த்தால், அனுமதி மறுப்புகளும் சுற்றிச் சுற்றி அனுப்பப்படும். வரம்பில் இருக்கும்போது தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தால் இன்டெக்ரேஷனையே தடை செய்யக்கூடும் என்று ஆவணம் எச்சரிக்கிறது.

403 வந்தால் கிளையன்ட் பார்க்க வேண்டிய வரிசை இது. ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் இருந்தால் அத்தனை நொடி காத்திரு, வேறெதையும் பார்க்காதே. அது இல்லாமல் எக்ஸ்-ரேட்லிமிட்-ரிமெய்னிங் பூஜ்யம் என்றால், எக்ஸ்-ரேட்லிமிட்-ரீசெட் சொல்லும் நேரம் வரை காத்திரு. இரண்டும் இல்லை, ஆனால் மெசேஜில் செகண்டரி ரேட் லிமிட் என்றிருந்தால், குறைந்தது ஒரு நிமிடம், பிறகு ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போ. எதுவும் பொருந்தாவிட்டால் அது அனுமதிப் பிரச்சினை. நிறுத்து, மனிதரைக் கூப்பிடு. பார்த்தீர்களா, மூன்றாவது படியில் பாடியைப் படிக்க வேண்டியதாகிவிட்டது. மார்க் போனது அங்கேதான்.

ரீசெட் ஹெடரில் வருவது 1970-இலிருந்து எண்ணிய நொடிகள். ஜாவாஸ்கிரிப்ட் தேதி எதிர்பார்ப்பது மில்லி நொடிகள். 1000-ஆல் பெருக்க மறந்தால் ரீசெட் நேரம் 1970 ஜனவரியில் போய் விழும், காத்திருப்பு நேரம் எதிர்மறை எண்ணாகும், டைமர் உடனே சுடும், கிளையன்ட் மூச்சுவிடாமல் கோரிக்கை அனுப்பும். கம்ப்யூட்டரின் கடிகாரம் பிசகியிருந்தாலும் இதே கேடு வரும். பதிலிலேயே வரும் டேட் ஹெடரிலிருந்து கணக்குப் போடுவது பாதுகாப்பு.

அளவுகளையும் சொல்லிவிடலாம். சாதாரண டோக்கனுக்கு மணிக்கு 5,000. கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்குள் தானாகக் கிடைக்கும் டோக்கனுக்கு ஒரு ரெப்போவுக்கு மணிக்கு 1,000. செகண்டரி வரம்பு தனிக் கணக்கு: ஒரே நேரத்தில் 100 கோரிக்கைக்கு மேல் கூடாது, ரெஸ்டில் நிமிடத்துக்கு 900 புள்ளி. பெரும்பாலான கெட்டுக்கு 1 புள்ளி. போஸ்ட், புட், பேட்ச், டெலீட்டுக்கு 5. இஷ்யூ, கமென்ட் போல எதையாவது உருவாக்கும் கோரிக்கைகள் பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500. பழைய டிக்கெட் அமைப்பிலிருந்து இஷ்யூக்களை மொத்தமாக இறக்குமதி செய்கிறவர்கள் 5,000-ஐ நம்பி ஆரம்பித்து 500-இல் நின்றுபோவது இதனால்தான்.

வரம்பைச் சேமிக்க இருக்கும் வழியோ அருமையானது. பெரும்பாலான பதில்களில் வரும் ஈடேக்கை (பதிலின் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) பத்திரப்படுத்தி, அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்பினால், மாற்றமில்லாதபோது 304 வரும். டோக்கனோடு அனுப்பிய கோரிக்கைக்கு 304 வந்தால் முதன்மை வரம்பில் அது கழிக்கப்படாது. ஈடேக்கை மேற்கோள் குறிகளோடு, முன்னால் டபிள்யூ இருந்தால் அதோடும் சேர்த்து, வந்தபடியே அனுப்ப வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று குறிகளை வெட்டினால் அது செல்லுபடியாகும் ஈடேக்கே அல்ல, 304-ஐ எதிர்பார்க்காதீர்கள்.

400, 422, 409: எல்லைத் தகராறு

ஜேசனே உடைந்திருந்தால் 400. ஜேசன் சரி, உள்ளே சொன்னது ஏற்கத்தக்கதல்ல என்றால் 422. இந்தக் கோட்டைக் கிட்ஹப் ஒழுங்காகக் காக்கிறது. 422 முதலில் வெப்டேவ் என்ற நீட்சிக்காக வந்தது; ஆர்எஃப்சி 9110 அதைப் பொது விதிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஆகவே "அது வெப்டேவ் கோடு, ரெஸ்டில் போடலாமா?" என்ற பழைய வழக்கு முடிந்துவிட்டது. தலைப்பில்லாமல் இஷ்யூ போஸ்ட் செய்தால் 422-உடன் எரர்ஸ் பட்டியல் வரும். எந்தப் பொருள், எந்தப் புலம், என்ன குறை என்று ஒவ்வொன்றிலும் மூன்று துண்டுத் தகவல். குறை என்பது "மிஸ்ஸிங் ஃபீல்டு", "இன்வாலிட்", "ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்" போன்ற நிலையான சொல். படிவத்தில் அந்தந்தப் பெட்டிக்குக் கீழே சிவப்பில் காட்ட இது போதும்.

சறுக்குவது நகல் விஷயத்தில். இருக்கும் பெயரிலேயே ரெப்போ உருவாக்கினால் 422. இருக்கும் ரெஃபரன்ஸை (பிராஞ்ச், டேக் போன்ற பெயர்) மறுபடி உருவாக்கினால் 422. அதே பிராஞ்சுக்கு இரண்டாவது புல் ரிக்வஸ்ட் போட்டால் 422. "இருந்தால் விட்டுவிடு, இல்லாவிட்டால் உருவாக்கு" என்று ஸ்கிரிப்ட் எழுதுகிறவர், இது நகலா வேறு குறையா என்று அறிய எரர்ஸ் பட்டியலுக்குள் இறங்க வேண்டும், சில நேரம் வாக்கியத்தையே தேட வேண்டும். நகலுக்கு 409 என்று பிரித்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். உங்கள் சர்வீஸில் பிரித்துவிடுங்கள்.

ஃபைல் புதுப்பிக்கும் புட்டில் அதே பிரிப்பை அவர்களே செய்திருக்கிறார்கள். பழைய ஃபைலின் எஸ்எச்ஏ (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) தராவிட்டால் 422: கோரிக்கை முழுமையில்லை, திருத்தி அனுப்பு. எஸ்எச்ஏ தந்து, அதற்குள் வேறு யாரோ ஃபைலை மாற்றிவிட்டிருந்தால் 409: புதிதாகப் படித்து, உன் மாற்றத்தை அதன்மேல் வைத்து மறுபடி வா. இஃப்-மேட்ச் ஹெடரும் 412-உம் இதற்கென்றே எச்டிடிபியில் இருக்கும் கருவிகள் என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். சொல்லட்டும். கிட்ஹப் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எஸ்எச்ஏவை வைத்து அதே வேலையைச் செய்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரே பிராஞ்சில் பல ஃபைல்களை இணையாக எழுதினால் அவை ஒன்றோடொன்று மோதி 409 வாங்கும். வரிசையாக அனுப்புங்கள்.

புல் ரிக்வஸ்ட் மெர்ஜில் வருவதுதான் வியப்பு. மெர்ஜ் செய்ய முடியாத நிலை என்றால் 405. நீங்கள் தந்த எஸ்எச்ஏ அந்தப் பிராஞ்சின் கடைசி (ஹெட்) கமிட்டோடு பொருந்தாவிட்டால் 409. இரண்டாவது கச்சிதம். முதலாவது, புட் என்ற மெத்தடே இந்த முகவரிக்குக் கிடையாது என்று அறிவிக்கும் கோடு. மெத்தட் இருக்கிறது, ரிவ்யூ முடிந்து செக் பாஸ் ஆனதும் அதே புட் அதே முகவரியில் 200 வாங்கும். தடுப்பது ரிசோர்ஸின் தற்போதைய நிலை. நிலையோடு மோதினால் 409 என்பதுதான் வழக்கம். போதாக்குறைக்கு 405 அனுப்பும்போது எந்தெந்த மெத்தட் செல்லும் என்று அலவ் ஹெடரில் சொல்ல வேண்டும் என்பது விதி. "புட் செல்லாது" என்று சொல்லும் பதிலில் அந்தப் பட்டியலில் எதை எழுதுவது? இந்தக் கேள்வி எழுந்தாலே கோடு தப்பு என்று புரிந்துகொள்ளலாம்.

சின்னதாக ஒரு வேடிக்கையும் உண்டு. கமிட்டே இல்லாத வெற்று ரெப்போ. கமிட் பட்டியலைக் கேட்டால் 409. பங்களித்தவர்கள் பட்டியலைக் கேட்டால் 204. ஃபைல்களைக் கேட்டால் 404. ஒரே உண்மைக்கு மூன்று கோடு. மூன்றுக்கும் 200-உம் காலிப் பட்டியலும் கொடுத்திருந்தால் கிளையன்ட் எழுதுகிறவர் இந்தப் பத்தியைப் படிக்கவே வேண்டியிருக்காது.

மீதி

இடம் மாறியவற்றைச் சொல்வதில் முழு மார்க். இஷ்யூ வேறு ரெப்போவுக்குப் போயிருந்தால் 301. நீங்கள் படிக்க உரிமையுள்ள இடத்தில் அழிக்கப்பட்டிருந்தால் 410. உரிமையில்லாத இடம் என்றால் 404. ரெப்போ பெயர் மாறியிருந்தாலும் கெட்டுக்கு ரீடைரக்ட் உண்டு; எழுதும் கோரிக்கைகளுக்கு 307, அதாவது மெத்தடையும் பாடியையும் மாற்றாமல் புது முகவரிக்கு அனுப்பு என்று. 301 வாங்கிய போஸ்ட்டைப் பல கிளையன்ட்கள் கெட்டாக மாற்றிவிடும் என்ற பழைய நோய்க்கு இதுதான் மருந்து. கர்லில் -L ஆப்ஷன் போடாவிட்டால் ரீடைரக்டைப் பின்தொடராது என்பதையும் மறக்க வேண்டாம். பதிப்புரிமைப் புகாரால் முடக்கப்பட்ட ரெப்போவுக்கு 451. சட்டக் காரணத்துக்கென்று 2016-இல் ஆர்எஃப்சி 7725-இல் வந்த கோடு.

தேடல் எண்ட்பாயின்ட் நேரத்துக்குள் முடிக்க முடியாவிட்டாலும் 200 அனுப்பி, "இன்கம்ப்ளீட் ரிசல்ட்ஸ்" புலத்தில் ட்ரூ வைக்கிறது. நியாயமான முடிவு, ஆனால் அந்தப் புலத்தைப் படிக்காத கிளையன்ட் பாதி விடையை முழு விடையாக எடுத்துக்கொள்ளும். 1,000 முடிவுகளுக்கு அப்பால் பக்கம் கேட்டால் 422.

சர்வர் பக்கம் 10 நொடிக்கு மேல் இழுத்தால் கோரிக்கையைத் துண்டித்துவிடும். கெட் என்றால் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். இஷ்யூ உருவாக்கும் போஸ்ட்டில் 500 வரிசைக் கோடு (சர்வர் பிழை) வந்தால், இஷ்யூ உருவானதா இல்லையா என்று கோடு சொல்லாது. பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப்பின் ஏபிஐயில் ஐடெம்பொட்டன்சி-கீ என்று ஒரு ஹெடர் உண்டு, அதே கீயோடு மறுபடி அனுப்பினால் முதல் பதிலே திரும்பும், இரண்டாவது முறை கார்டில் பணம் எடுக்காது. கிட்ஹப் இஷ்யூவுக்கு அந்த வசதி இல்லை. தலைப்பிலோ விவரத்திலோ தனித்த அடையாளம் ஒன்றை வைத்து, மறுமுயற்சிக்கு முன் பட்டியலில் தேடிப் பார்ப்பதுதான் வழி.

கிட்ஹப்பின் இன்னொரு ஏபிஐயான கிராஃப்க்யூஎல் பக்கம் போனால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. முதன்மை வரம்பு தீர்ந்தாலும் 200தான் வரும், எரர் பாடிக்குள் இருக்கும். லோட் பேலன்சரின் வரைபடம் பச்சையாகவே ஓடும்.

இந்த ஏபிஐயோடு பேசும் கிளையன்ட்டுக்கு மாக் சர்வர் (போலி சர்வர்) வைத்து டெஸ்ட் எழுதுவதானால், 200-உம் 500-உம் மட்டும் போதாது. தரவில்லாத 202-ஐத் தொடர்ந்து 200, பாடியில்லாத 204, 304, ரீட்ரை-ஆஃப்டரோடு 403, ரிமெய்னிங் பூஜ்யத்தோடு 403, எந்த ஹெடரும் இல்லாத 403, உறுப்பினர் எண்ட்பாயின்ட்டின் 302. கடைசி 403-க்கு எத்தனை முறை மறுமுயற்சி நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டெஸ்ட் தோற்க வேண்டும்.